கேள்வி – பதில்: புதுக் கூண்டில் மூலையை விட்டு வராத ஃபிஞ்ச்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது ஒரு சின்னக் குருவியைக் கூண்டோடு பால்கனியிலேயே விட்டுப் போய்விட்டார்கள். ஜீப்ரா ஃபிஞ்ச் என்று பெட் ஷாப்பில் சொன்னார்கள். சிவந்த அலகு, கன்னத்தில் ஆரஞ்சு நிற வட்டம், முதுகில் ஒரு இடத்தில் இறகே இல்லை. அது இருந்த கூண்டு ஒரு முழம்கூட இருக்காது. பாவமாக இருந்ததால் பெரிய கூண்டாக வாங்கி மாற்றினோம். மாற்றியதிலிருந்து அடித்தட்டில் ஒரு மூலையிலேயே நிற்கிறது. கையை உள்ளே விட்டால் கம்பியில் மோதிக்கொள்கிறது. பிள்ளைகள் ஆசையாகக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கப்பில் தினை போட்டது போட்டபடி இருக்கிறது. பழைய கூண்டுக்கே மாற்றிவிடலாமா? — வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் அந்தத் தினைக் கப்பை வெளியே எடுத்து மெதுவாக ஊதிப் பாருங்கள் தங்கச்சி, மீதியை அப்புறம் படிக்கலாம். ஃபிஞ்ச் தானியத்தை முழுசாக விழுங்காது. அலகில் வைத்து உருட்டி, உமியை உரித்துவிட்டு, உள்ளே இருக்கும் மணியை மட்டும் தின்னும். உமி திரும்பவும் கப்பிலேயே விழும். மேலாகப் பார்த்தால் கப் நிறைய தினை இருப்பது போலவே தெரியும். அதை நம்பிப் புதுசாகப் போடாமல் விட்டு, கப் நிறைய உமியை வைத்துக்கொண்டு பட்டினியில் செத்துப்போகும் குருவிகள் உண்டு. ஊதியதும் உமி பறந்தால் உங்கள் குருவி தின்கிறது, பாதிக் கவலை விட்டது. இனிமேல் தினமும் காலையில் உமியை ஊதிவிட்டுப் புதுத் தினை போட்டுவிடுங்கள்.

உமியே இல்லை, எல்லாம் முழுத் தினைதான் என்றால் அது அவசரம். மொத்த உடம்பே 12 முதல் 15 கிராம்தான், அதில் சேர்த்து வைக்க இடம் கிடையாது, ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. கடைக் கூண்டுகளில் கப்பை மேலே கம்பியில் மாட்டியிருப்பார்கள், அங்கேதான் சாப்பாடு இருக்கிறது என்று இதற்கு எப்படித் தெரியும்? ஒரு பாட்டில் மூடியில் தினை, இன்னொன்றில் தண்ணீர், இரண்டையும் அது நிற்கும் மூலைக்குப் பக்கத்தில் தரையிலேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பழைய கூண்டின் கப் இருந்தால் அதையே கழுவி வைப்பது இன்னும் நல்லது, பழகிய கப்பில் கொஞ்சம் தைரியமாகத் தின்னும். அடியில் வெள்ளைத் தாள் விரித்து எச்சத்தையும் பாருங்கள். கரும்பச்சையோ பழுப்போ நடுவில் கெட்டியாக, பக்கத்தில் வெள்ளையாக, நாள் முழுக்க நிறைய விழுந்தால் சரி. கொஞ்சமாக, தண்ணீராக, பச்சையாக மட்டும் விழுந்தால் வயிற்றில் தீனி இல்லை என்று அர்த்தம்.

பயந்து நிற்பது வேறு, நோயில் நிற்பது வேறு. பயந்த குருவி இறகை ஒட்ட வைத்துக்கொண்டு, கண்ணை அகல விழித்து, நீங்கள் நகர்ந்தால் தானும் நகரும். நோயாளிக் குருவி பகலிலேயே இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடும், மூச்சுக்கு ஒரு தரம் வால் ஏறி இறங்கும், மூச்சில் கிளிக் கிளிக் என்று சத்தம் வரும், பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கும். இதில் எது இருந்தாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். குருவி இனங்கள் நோயை முடிந்தவரை மறைக்கும், நம் கண்ணுக்குத் தெரியும்போது பாதிக்கு மேல் முற்றியிருக்கும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குத் தூரமும் இல்லை, அங்கே காட்டிவிடுங்கள். முதுகில் இறகு இல்லாததையும், நகம் வளர்ந்து சுருண்டிருந்தால் அதையும் சேர்த்துக் காட்டலாம். நகத்துக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது, வீட்டில் நகவெட்டியை எடுக்க வேண்டாம். பழைய சின்னக் கூண்டைத் தூக்கிப் போடாமல் வெந்நீரில் கழுவி வையுங்கள், ஆஸ்பத்திரிக்குத் துணி மூடிக் கொண்டுபோக அதுதான் சௌகரியம். அந்த ஒரு வேலைக்கு மட்டும்தான். குடியிருக்கத் திரும்ப அதில் விடவே வேண்டாம்.

சரி, தின்கிறது, நோயும் இல்லை, ஆனாலும் ஏன் அடியிலேயே நிற்கிறது? ஒரு முழக் கூண்டில் இருந்த குருவிக்குப் பறக்க வேண்டிய தேவையே வந்திருக்காது, ஒரு கம்பிலிருந்து அடுத்த கம்புக்குத் தத்தினால் முடிந்தது. றெக்கையில் பலமே இருக்காது. நீங்கள் ஆசையாக வாங்கிய பெரிய கூண்டில் கம்புகள் எட்டாத உயரத்தில் இருக்கும், ஏறத் தெரியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். கம்புகளைக் கீழே இறக்குங்கள். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒன்று, அதிலிருந்து ஒரு தத்தலில் எட்டும்படி இன்னொன்று, பழைய கூண்டின் கம்பு கிடைத்தால் அதையே முதல் படியாக வையுங்கள். அதில் தாராளமாக உட்காரத் தொடங்கிய பிறகு, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் உயர்த்திக்கொண்டே போகலாம், தூரத்தையும் கூட்டலாம். கடையில் தரும் வழவழப்பான பிளாஸ்டிக் கம்பு காலுக்கு நல்லதில்லை. வேப்பங்குச்சி, கொய்யாக் குச்சி, பென்சில் பருமனில் கொஞ்சம் மெலிசும் தடிப்புமாகக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், பிடி மாறி மாறி வந்தால்தான் பாதத்தில் புண் வராது. அரளிக் குச்சி, எருக்கங்குச்சி மட்டும் கூண்டுப் பக்கமே வரக்கூடாது, இரண்டும் விஷம். தீனிக்கும் தண்ணீருக்கும் நேர் மேலே கம்பு வைத்தால் எச்சம் அதிலேயே விழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபிஞ்ச் மேலும் கீழுமாக ஏறாது, பக்கவாட்டில்தான் பறக்கும், அதனால் உயரமான கூண்டு, கோபுரம் வைத்த உருண்டைக் கூண்டு எல்லாம் வீண் செலவு. நீளம் இரண்டரை அடிக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். கம்பி இடைவெளி 1.2 செ.மீ.க்கு மேல் இருந்தால் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும்.

இப்போது இடம். நடுக்கூடத்தில் நாலு பக்கமும் ஆள் நடமாடும்படி வைத்திருந்தால் அதற்கு ஒதுங்க ஒரு பக்கமும் இல்லை. ஒரு பக்கம் சுவரை ஒட்டி, உங்கள் நெஞ்சு உயரத்தில் வையுங்கள். தரையில் வைத்தால் நாம் எல்லாரும் மேலிருந்து குனிகிறோம், மேலிருந்து வரும் எதுவும் குருவிக்கு வல்லூறுதான். கூண்டின் பின்பக்கத்தையும் ஒரு ஓரத்தையும் மெல்லிய வேட்டித் துணியால் மறைத்துவிடுங்கள். காலை வெளிச்சம் வரலாம், நேர் வெயில் படக்கூடாது. ஆஸ்திரேலியாவின் வறண்ட நாட்டுப் பறவைதானே, சூடு தாங்கும் என்று சிலர் மொட்டைமாடியில் வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அது நிழல் தேடிப் போகலாம், தண்ணீருக்குப் பறக்கலாம், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கூண்டுக்குள் எங்கே போகும்? வாயைத் திறந்து, றெக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டால் உடனே நிழலுக்கு மாற்றுங்கள்.

அடுப்பங்கரை வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை நமக்கு மூக்கில்கூடத் தெரியாது, குருவி சில நிமிஷத்தில் செத்துவிடும். தாளிப்புப் புகை, கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாமே அதன் நுரையீரலுக்குக் கெடுதல். சாமி கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த நேரம் கூண்டு வேறு அறையில் கதவு சாத்தி இருக்கட்டும். கூண்டுக் காலில் எறும்பு ஏறினால் சாக்பீஸ் மருந்து கோடு போடாதீர்கள், ஸ்டாண்டின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வையுங்கள்.

பிள்ளைகள் விஷயம்தான் கஷ்டமானது, ஏனென்றால் அவர்கள் பிரியத்தில்தான் செய்கிறார்கள். கிளியைப் போல ஃபிஞ்ச் தோளில் வந்து உட்காராது, தடவிக் கொடுத்தால் சந்தோஷப்படாது, கை பட்டாலே பிடிபட்டோம் என்றுதான் நினைக்கும். இதைப் பிள்ளைகளிடம் உள்ளபடியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள். தினமும் சாயங்காலம் அதே நேரத்தில், கூண்டிலிருந்து ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து, குருவியைப் பார்க்காமல் பாடத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பதுதான் அதற்குப் பயம், பேச்சுச் சத்தம் பழகப் பழகத் துணையாகிவிடும். தீனி போடுவது, தாள் மாற்றுவது ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே பக்கத்திலிருந்து, கையை மெதுவாகக் கீழாக விட்டு, "வாரேன், வாரேன்" என்று முன்கூட்டியே குரல் கொடுத்துக்கொண்டு செய்யுங்கள். முதல் வாரம் தினம் ஒரு பொம்மை, ஊஞ்சல் என்று மாட்டிக் கூண்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

எத்தனை நாளில் பழகும் என்று கேட்பீர்கள். சில குருவிக்கு நாலைந்து நாள், கஷ்டப்பட்டு வந்ததற்கு வாரக்கணக்கில் ஆகும். கம்பில் உட்கார்ந்து இறகைக் கோதுவதும், நீங்கள் அறைக்குள் வரும்போது "மீப்" என்று ஒரு குரல் கொடுப்பதும் நல்ல அடையாளம். அந்தக் கட்டம் வந்ததும் ஒரு அகலமான தட்டில் ஒரு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் வையுங்கள். குளிக்கிற ஃபிஞ்ச் தேறிவிட்ட ஃபிஞ்ச். தினையோடு சாமை, பனிவரகு கலந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவித்த முட்டையை உதிர்த்து ஒரு சிட்டிகை, பூச்சிமருந்து படாத முருங்கைக் கீரை, கொத்தமல்லித் தழை கொடுங்கள். வேறு குருவி கொத்தியோ, சத்துக் குறைவாலோ உதிர்ந்த இறகு என்றால் சில வாரங்களில் முளை கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்படுத்துவதைவிடக் கூண்டைத் திறந்து விட்டால் புண்ணியம் இல்லையா? என் மாமியார் தினமும் சொல்கிறார்கள். — வாசகி, நெல்லை டவுன்

பதில்: உங்கள் மாமியாரின் மனசு நல்ல மனசு, நானும் அதே மனசோடுதான் வேண்டாம் என்கிறேன். ஜீப்ரா ஃபிஞ்ச் நம் நாட்டுப் பறவை இல்லை. கடையில் விற்பவை பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. எது தீனி, எங்கே தண்ணீர், காக்கை வந்தால் எங்கே ஒளிவது என்று எதுவும் அதற்குத் தெரியாது. திறந்துவிட்டால் பக்கத்து மரத்தில் போய் உட்காரும், நாமும் சந்தோஷமாகக் கையைத் தட்டி உள்ளே வந்துவிடுவோம், பொழுது சாயும் முன் காக்கையோ பூனையோ அதை முடித்துவிடும். அத்தையிடம் இதைச் சொல்லிவிட்டு, கூண்டை நல்ல நீளமாக வாங்கி வையுங்கள். அறைக்குள் பறக்க விடலாம், ஆனால் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கண்ணாடிக்குத் திரை போட்ட பிறகு, அதுவும் தானாகவே கூண்டுக்குத் திரும்பும் அளவுக்கு அந்த இடம் பழகிய பிறகு மட்டும்.

கேள்வி: தனியாக வந்த ஆண் ஃபிஞ்சைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. உடனே ஒரு ஜோடி வாங்கிவிடவா, கண்ணாடி வைத்தால் போதுமா? — வாசகர், மேலப்பாளையம்

பதில்: துணை வேண்டும், உடனே வேண்டாம். கூட்டமாக வாழும் பறவை இது, தனியாக வைத்திருப்பது நியாயமே இல்லை. அது கூப்பிடுவது பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா என்ற குரல்தான். ஆனால் கடையிலிருந்து வரும் குருவி பேனோ, மூச்சுக்குழாய்ச் சிற்றுண்ணியோ, வேறு நோயோ கொண்டுவரலாம், உங்கள் குருவி இப்போதுதான் தேறி வருகிறது. புதுசை வேறு அறையில் ஒரு மாதம் வைத்துப் பார்த்த பிறகு, பக்கத்துப் பக்கத்தில் கூண்டை வைத்துப் பழக்கி, அப்புறம் சேருங்கள். கண்ணாடி வேண்டாம் என்பது என் எண்ணம். பதில் பேசாத ஒன்றைப் பார்த்து அது பாடிக்கொண்டே இருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

ஜோடி என்றால் பெண்தான் வேண்டும் என்று இல்லை, இரண்டு ஆண்கள் நன்றாகவே ஒத்துப்போகும். ஆண் பெண் சேர்த்தால் முட்டை வரும், ஒரு ஈட்டுக்கு நாலு முதல் ஆறு. கூட்டுப் பானையை மாட்டிவைத்தால் விடாமல் இட்டுக்கொண்டே இருக்கும், பெண் குருவியின் எலும்புச் சுண்ணாம்பெல்லாம் ஓடாகிப் போய், கடைசியில் முட்டை உள்ளேயே சிக்கிச் சாகும் நிலை வரும். குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் இல்லாவிட்டால் பானையும் வேண்டாம், தேங்காய் நாரும் வேண்டாம். நீள நார் காலில் சுற்றி இறுகினால் காலே போய்விடும்.

ஒரு சந்தோஷமான விஷயமும் சொல்லட்டுமா? ஜீப்ரா ஃபிஞ்சில் ஆண் மட்டும்தான் பாடும், அந்தப் பாட்டைக் குஞ்சாக இருக்கும்போது பெரும்பாலும் அப்பாவிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளும், பெரிதான பிறகு கடைசிவரை அதே பாட்டுத்தான். குழந்தை பேச்சுக் கற்பதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகள் இந்தக் குருவியைத்தான் அதிகம் ஆராய்கிறார்கள். 2010-ல் இதன் மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்து வெளியிட்டார்கள், கோழிக்கு அடுத்தபடி அப்படி வாசிக்கப்பட்ட பறவை இதுதான். உங்கள் வீட்டில் அது பாடத் தொடங்கும்போது நீங்கள் கேட்பது அநேகமாக அதன் அப்பாவின் பாட்டு.

கேள்வி: பகலில் நன்றாக இருக்கிறது, ராத்திரியில் திடீரென்று கூண்டுக்குள் தாறுமாறாகப் பறந்து மோதுகிறது. றெக்கையில் ரத்தம்கூட வந்தது. — வாசகர், தென்காசி

பதில்: இருட்டில் எதற்கோ மிரள்கிறது. பல்லி, எலி, பூனையின் நிழல், தெருவில் போகும் வண்டியின் விளக்கு, எதுவாகவும் இருக்கலாம். உங்கள் ஊரில் சாரல் மாதங்களில் அடிக்கும் காற்றில் ஜன்னல் கதவு ஒரு தரம் அறைந்தாலே போதும். கூண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நேராக இருக்க வேண்டாம், ஈரக்காற்று நேரே படுவதும் நல்லதில்லை. மூன்று பக்கம் துணி, அறையில் ஒரு ஜீரோ வாட் பல்பு, ராத்திரி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அமைதி. விளக்கைப் பட்டென்று அணைக்காமல், முதலில் பெரிய விளக்கு, கொஞ்சம் கழித்துச் சின்ன விளக்கு, கம்பில் போய் உட்கார்ந்த பிறகு துணி என்று வரிசையாகச் செய்யுங்கள்.

அப்படியும் மிரண்டு பறந்தால் கையை உள்ளே விட்டுப் பிடிக்கப் போகாதீர்கள். விளக்கைப் போட்டு, தள்ளி நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள், கம்பைக் கண்டுபிடித்து உட்காரும்வரை விளக்கு எரியட்டும். கோயில் கொடை வரும்போது வெடியும் மேளமும் குழாய் ஸ்பீக்கரும் விடிய விடிய இருக்கும், தீபாவளியும் அப்படித்தான். அந்த ராத்திரிகளில் வீட்டின் உள் அறைக்குக் கூண்டைக் கொண்டுபோய், கூடவே ஒருவர் படுத்துக்கொண்டால் நல்லது. ரத்தம் வந்த றெக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வயலில் வலையில் சிக்கிய இரண்டு குருவிகளை என் மகன் கொண்டுவந்தான். பழுப்பு நிறம், நெஞ்சில் மீன் செதில் மாதிரி புள்ளி. இதுவும் ஃபிஞ்ச்தானே, ஒரு கூண்டு வாங்கி வைத்துக்கொள்ளலாமா? — வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வைத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது புள்ளிச் சில்லை, ஆற்றுப் பாசன வயல்களில் கூட்டமாக இறங்கும் நம் ஊர்ப் பறவை. கடை ஃபிஞ்சுக்கு ஒரு வகையில் சொந்தம்தான், ஆனால் காட்டுப் பறவை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். காயமில்லாமல் நன்றாகப் பறக்கிறது என்றால் பிடித்த வயல் பக்கமே காலை நேரத்தில் விட்டுவிடுங்கள், இதன் கூட்டம் அங்கேதான் இருக்கும். காயம் இருந்தால், காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து இருட்டாக வைத்து, உங்கள் ஊர் வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லி ஒப்படையுங்கள். வலையை அறுத்துக் காப்பாற்றிய உங்கள் மகனை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சாயம் பூசிய சில்லைகளை வெளிநாட்டு ஃபிஞ்ச் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். பளீரென்று பச்சையோ ரோஸோ அடித்த குருவியைப் பார்த்தால் வாங்காமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கேள்வி: கட்டில் போன் என்று கடையில் விற்பது எங்கள் கடற்கரையில் ஒதுங்கும் கடல்நுரைதானா? எடுத்து வைக்கலாமா? — வாசகர், உவரி

பதில்: அதேதான், கணவாய் மீனின் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் இதுவே. ஃபிஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து இதில் தாராளமாகக் கிடைக்கும். எண்ணெய், தார் படாத வெள்ளை ஓடாகப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தினம் தண்ணீரை மாற்றி உப்பெல்லாம் இறங்கும்வரை சில நாள் விட்டு, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். மெத்தென்ற பக்கம் குருவியைப் பார்த்தபடி, கம்புக்குப் பக்கத்தில் கம்பியில் கட்டிவிடுங்கள். புதுசாக வந்த குருவி முதலில் அதையும் கண்டு மிரளும், கொஞ்சம் சுரண்டித் தினையில் தூவி வைத்தால் ருசி தெரிந்து தானே வரும்.